வேட் ஹாலரன் தோற்ற விதம்

வேட் ஹாலரனுக்குத் தோற்கத் தெரியும் என்று ஒமாஹா நகரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. வேட்டும் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் அவன். பந்தை எறிபவன், என்ன ஆடுவது என்று களத்தில் முடிவு செய்பவன், ஜெயித்தால் பத்திரிகை அட்டையில் வருபவன். நன்னடத்தைக்காகக் கொடுக்கும் விருதை இரண்டு தடவை வாங்கியிருந்தான். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டால் போய், தோல்வியை நிமிர்ந்து நின்று ஏற்றுக்கொள்வது எப்படி என்று அலுக்காமல் பேசுவான். ஒரு ரொட்டி விளம்பரத்தில், தன்னைத் தோற்கடித்த எதிரணிக்காரனின் கையைக் குலுக்கிவிட்டுத் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பான். அதைப் பார்த்து அவன் மாமியாரே கண் கலங்கியிருக்கிறாள். அவள் சுலபத்தில் கலங்குகிறவள் அல்ல.

அவன் அதுவரை தோற்றதெல்லாம் அக்டோபர் மாதத்து ஆட்டங்கள், அடுத்த ஞாயிறே சரிக்கட்டிவிடக்கூடியவை என்பது யார் கண்ணிலும் படவில்லை. பெரிய ஆட்டங்களை எல்லாம் அவன் ஜெயித்திருந்தான். ஜெயித்துவிட்டுத் தோற்றவனின் தோளைத் தட்டிக்கொடுப்பது உலகத்திலேயே எளிதான காரியம். இதைப் பின்னாளில் அவனே சொல்லிச் சிரிப்பான். அப்போது தெரியவில்லை.

அந்த வருடத்து இறுதியாட்டம் போர்ட்லண்ட் அணியோடு. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோனா ஓட்டெங் என்ற சின்னப் பையன். தாடி கூட ஒழுங்காக முளைக்கவில்லை என்று வேட் மனைவியிடம் நக்கலடித்திருந்தான். அந்தப் பையன் ஆட்டம் முழுக்கத் தாடி முளைத்தவன் மாதிரிதான் ஆடினான். கடைசி நிமிடத்தில் ஒமாஹா நான்கு புள்ளி பின்தங்கி நின்றது. பந்து கோல் கோட்டுக்கு அருகே வேட்டின் கையில். ஒரே ஒரு எறி மிச்சம்.

கூட்டத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்த வேட், போட்ட திட்டத்தை அங்கேயே மாற்றினான். ஓரத்தில் நின்ற லமாண்ட் பர்விஸுக்குக் கையால் ஜாடை காட்டினான். பர்விஸ் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவன், அணிக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வேட் தன் தொடையைத் தட்டினால் வெளி மூலைக்கு ஓட வேண்டும். ஹெல்மெட்டைத் தொட்டால் உள்பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும்.

பந்து வேட்டின் கைக்கு வந்தது. மூலைக்கு எறிந்தான். அழகான எறி. மூலையில் பர்விஸ் இல்லை. அவன் உள்ளே திரும்பியிருந்தான். மூலையில் போர்ட்லண்ட்காரன் ஒருவன் மட்டும் தனியாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். யாரோ அவன் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் போட்டதைப் போலப் பந்தை வாங்கிக்கொண்டான்.

அவ்வளவுதான், முடிந்தது. மேலேயிருந்து போர்ட்லண்ட் அணியின் நிறத்தில், பச்சையும் வெள்ளையுமாய்க் காகிதத் துண்டுகள் கொட்டின.

வேட் நடந்தான். நேராக எதிரே ஓட்டெங் வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு. வேட் அந்தக் கையைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைச் சரிசெய்வது போல விரலை ஓட்டினான். வேட்டும் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அரை நிமிடம் ஆகிவிட்டிருந்தது. இல்லாத பட்டையைத் தடவிக்கொண்டே அந்தக் கையைக் கடந்து போனான்.

கோபத்தில் நடக்கிறவனுக்கு வழி எங்கே தெரியும். களத்திலிருந்து அறைகளுக்குப் போகும் வழிகளில், கண்ணில் பட்ட முதல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தான். உள்ளே சுவர் பச்சையாக இருந்ததைக் கவனிக்கவில்லை. ஆட்கள் பெட்டிகளைப் பிரித்துத் தொப்பிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து பார்க்காமலே, “வாழ்த்துக்கள்ப்பா” என்று வேட்டின் கையில் ஒரு தொப்பியைத் திணித்தான். போர்ட்லண்ட் சாம்பியன் என்று அதில் எழுதியிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜெயித்தவர்களின் தாழ்வாரத்தில் வந்து நிற்கிறான்.

திரும்பிக் களத்துக்குப் போனால் ஆயிரம் கேமரா. முன்னால் போனால் அவர்களுடைய அறை. தொப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான்.

அது போர்ட்லண்ட் ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் காத்திருக்கும் அறை. பத்துப் பதினைந்து பேர் கட்டிப் பிடித்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். சேற்றுக் கறையோடு, முழங்கையில் ரத்தத்தோடு, எதிரணிச் சட்டையில் ஆறடி நாலங்குல மனிதன் ஒருவன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. வேட் அப்படியே பின்வாங்கியிருப்பான். ஆனால் ஒரு அம்மாள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கொலம்பஸில் நர்ஸாக இருப்பவள். ஜோனா ஓட்டெங்கின் தாய்.

கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து முழங்கையைத் துடைத்தபடி, தான் கடைசி எறிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்ததாகச் சொன்னாள். “உங்களுக்கு எதிராத்தான் தம்பி. பந்து வேற எங்கயாச்சும் போகணும்னு கேட்டேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அவ்ளோ அழுத்தமா கேட்டிருக்க வேண்டாம்.”

“பரவால்லம்மா,” என்றான் வேட். “நல்லாவே வேல செஞ்சுது.”

அதைச் சொன்னபோது அவனுக்கே தன் மேல் மதிப்பு வந்தது. பார், இந்த நிலையிலும் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறேன். அந்த அம்மாள் அடுத்து, தன் மகனைப் பார்த்தீர்களா, அவன் உங்களைத் தேடிக்கொண்டிருப்பான் என்றாள். வேட்டுக்கு நாக்கு தானாகவே புரண்டது.

“பாத்தேம்மா. கை குலுக்கிட்டுத்தான் வந்தேன். நல்ல பையன்.”

அவள் முகம் மலர்ந்தது. அதே நேரத்தில் அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த டிவியில் ஜோனா ஓட்டெங் கையை நீட்டினான். வேட் குனிந்து இல்லாத பட்டையைத் தடவினான். போனான். டிவிக்காரர்கள் அதை மெதுவாக ஓட்டி இன்னொரு தடவை காட்டினார்கள். பிறகு வேறொரு கோணத்திலிருந்து. அறையில் இருந்த எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள், பிறகு நாற்காலியைப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்தாள். அதை அவன் முழங்கையில் ஒட்டி முடித்தாள். ஓரத்தை விரலால் அழுத்தினாள். பிறகு, “வெளிய போய் எடது பக்கம் திரும்புங்க, தம்பி. உங்க ஆளுங்க ரூமு அந்தக் கடைசில,” என்றாள்.

இவ்வளவு நடந்த பிறகாவது ஒரு மனிதனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வேட்டுக்கு வந்தது கோபம்தான், முன்னைவிட அதிகமாக. குளிக்காமல், பிளாஸ்திரியோடு, நிருபர்கள் முன்னால் போய் உட்கார்ந்தான். கடைசி எறி பற்றிக் கேட்டார்கள். பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போட்டேன், அங்கே இருக்க வேண்டியவன் ஏன் இல்லை என்று அவனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். பக்கத்து மேஜையில் அதே கேள்விக்குப் பர்விஸ், “என் தப்புதான். நான் சரியா ஓடல,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது, பார்த்தாயா, அவனே ஒத்துக்கொண்டான் என்று மனைவி ப்ரின்னிடம் சொன்னான். அவள் விமானத்தின் ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒமாஹாவில் பனி கொட்டிக்கிடந்தது. மறுவாரம் பயிற்சியாளர் டீக்ஸ், இறுதியாட்டத்தின் படத்தை ஓட்டிப் பார்க்க வேட்டையும் ஸ்டான் கோவலையும் கூப்பிட்டார். ஸ்டான் முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கு இடையே வேட்டுக்குக் கொடுப்பவன். பல வருடங்களாக வேட்டை நோக்கி வருகிறவர்களை எல்லாம் தன் உடம்பால் தாங்கியவன். அதனால் வேட்டிடம் வாய்விட்டு எதையும் சொல்லும் உரிமை ஸ்டானுக்கு இருந்தது.

வேட் சந்தோஷமாகவே போனான். பர்விஸ் எங்கே தவறினான் என்று சுட்டிக்காட்டத் தயாராக, காபியோடு உட்கார்ந்தான். டீக்ஸ் படத்தை ஓட்டினார். பின்பக்கத்து உயரமான கேமராவில் எடுத்தது. வேட் திட்டத்தை மாற்றுகிறான். ஓரத்தைப் பார்க்கிறான். அவன் கை மேலே போகிறது. ஹெல்மெட்டைத் தொடுகிறது.

டீக்ஸ் மறுபடி ஓட்டினார். கை மறுபடியும் ஹெல்மெட்டுக்குத்தான் போனது. எத்தனை தடவை ஓட்டினாலும் அது தொடைக்கு இறங்கவில்லை. பர்விஸ் ஜாடையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சொன்னபடி உள்ளே வெட்டித் திரும்பினான். அவனைச் சுற்றி ஒரு ஆள் கிடையாது. பந்து வந்திருந்தால் நடந்தே போய்க் கோட்டைத் தாண்டியிருக்கலாம்.

வேட் காபியைக் கீழே வைத்தான். கேமரா கோணத்தில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று கேட்டான். ஸ்டான் சிரிக்க ஆரம்பித்தான். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்து, நாற்காலி கிறீச்சிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இத்தன வருஷமா உனக்குத் தோக்கத் தெரியும்னு நெனச்சிருந்தேன்டா. ஸ்கூல் ஸ்கூலா போயி அதத்தான பேசுன. உனக்கு ஜெயிக்கத்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.”

வேட்டுக்கு, அந்த இரண்டு விருதும் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் விளக்கு போட்டு வைத்திருப்பது ஞாபகம் வந்தது. அந்த விளக்கைப் போட எலக்ட்ரீஷியனை வரவழைத்தது அவன்தான்.

அவனுடைய ஏஜென்ட், வேட் பெயரில் வெளியிட ஒரு மன்னிப்பு அறிக்கை எழுதிப் போனில் அனுப்பினான். சூழ்நிலையின் தீவிரம், உணர்ச்சிகளின் கொந்தளிப்பு, ஒரு குடும்பமாக இதிலிருந்து வளர்வோம் என்றெல்லாம் அருமையாக இருந்தது. வேட் அதை ப்ரின்னிடம் வாசித்துக் காட்டினான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“இதுல ‘நான் தப்பு பண்ணேன்’னு எங்க இருக்கு?”

தேடிப் பார்த்தான். இல்லை. தவறுகள் நிகழ்ந்தன என்று ஒரு இடத்தில் இருந்தது. அவை மழை பெய்வது போலத் தாமாக நிகழ்ந்திருந்தன.

பர்விஸ் நகரத்தின் மேற்கே ஒரு அபார்ட்மெண்டில் தங்கியிருந்தான். வேட் போனபோது அவன் அர்க்கன்ஸாவில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்ப, காரின் பின்னால் பைகளை அடைத்துக்கொண்டிருந்தான். வேட் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். தான் சொன்னதும் பையன் நெகிழ்வான், பெரிய மனது என்பான், இருவரும் பனியில் கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பு.

ஜாடை காட்டியது தான்தான், தவறு தன்னுடையது, மன்னித்துக்கொள் என்று சொன்னான். பர்விஸ் டிக்கியை மூடாமல் நின்றான்.

“எனக்குத் தெரியும் கேப்டன். அன்னிக்கே தெரியும். நீங்க ஹெல்மெட்டத் தொட்டத நான்தான பாத்தேன்.”

“அப்ப ஏன்டா உன் தப்புன்னு சொன்ன?”

“நான் வந்து ஒரு வருஷம் ஆவல. நீங்க யாரு, நான் யாரு. நான் உங்க மேல சொன்னா எவன் நம்புவான்?” பர்விஸ் ஒரு பையை உள்ளே தள்ளினான். “எங்கம்மா போன் நம்பர எவனோ எடுத்து நெட்டுல போட்டுட்டான். நாள் முழுக்க எவன் எவனோ கூப்பிட்டுத் திட்டுறான். அவங்க சர்ச்சுக்குப் போறதயே நிறுத்திட்டாங்க. இப்ப நான் பரவால்ல கேப்டன்னு சொல்லணும், இல்ல?”

வேட் ஒத்திகை பார்த்தது எதிலும் இந்தப் பக்கம் இல்லை. இன்றே நிருபர்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றான். பர்விஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“சொல்லுங்க. ஆனா கேமரா முன்னாடி அழாதீங்க.”

“நான் எதுக்கு அழறேன்?”

“அழுவீங்க. உங்களுக்கு நல்லா வரும். நீங்க அழுதா ஊரே உங்களுக்காகப் பாவப்படும். எவ்ளோ பெரிய மனுஷன்னு பேசுவாங்க. அப்பறம் அந்தப் பெரிய மனுஷன அழவெச்சவன் நான்தான்னு ஆயிடும்.”

வேட்டுக்கு அழுகை லேசாக முட்ட ஆரம்பித்திருந்தது. பையன் சொன்னது சரி என்று தெரிந்ததும் அது தானாக விலகிவிட்டது.

அன்று மதியம் அணியின் கூடத்தில் நிருபர்கள் கூடினார்கள். டீக்ஸிடம் கேட்டு அந்தப் படத்தையே வாங்கி வந்து திரையில் ஓட்டினான் வேட். தன் கையைச் சுட்டிக்காட்டினான். தொடையைத் தட்டியிருக்க வேண்டும், ஹெல்மெட்டைத் தொட்டேன், பர்விஸ் சொன்னபடி செய்தான், அன்றைக்கு நான் சொன்னது பொய், அவன் வீட்டுக்கு போன் செய்கிறவர்கள் இனி என் வீட்டுக்குச் செய்யுங்கள் என்றான். அழவில்லை. அழாமல் இருப்பதற்காக முகத்தை இறுக்கியதில் பல் வலிக்காரன் போல இருந்தான் என்று ப்ரின் பிறகு சொன்னாள்.

ஒரு நிருபர், இப்படி ஒத்துக்கொள்வது ஒரு தலைவனின் அடையாளம் இல்லையா என்று கேட்டார். வேட்டுக்கு அந்தக் கேள்வி தேன் மாதிரி இனித்தது. ஆமாம் என்று சொல்ல உதடு பிரிந்தது.

“இல்ல,” என்றான். “படம் பிடிச்சிருந்தாங்க. அதனால ஒத்துக்கறேன்.”

ஜோனா ஓட்டெங்குக்குச் செய்ய வேண்டியது மிச்சம் இருந்தது. வேட் பல தடவை போன் செய்தான். ஜெயித்தவனுக்கு ஊர்வலம், விருந்து, பேட்டி, அவன் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, வேட் மளிகைக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். எதிரே ஒமாஹா அணியின் குல்லாய் போட்ட ஒரு பாட்டியம்மாள், வேட்டை அடையாளம் கண்டு, தக்காளிகளுக்கு மேலாக முறைத்துக்கொண்டிருந்தாள்.

“வேட் சார், எங்கம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க,” என்றான் ஓட்டெங். “முழங்கை ஆறிடுச்சான்னு.”

“ஆறிடுச்சு. ஜோனா, அன்னிக்கு நீ கை நீட்டுனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். மன்னிச்சிடு. நீ எங்களவிட நல்லா ஆடுன. அதான் வயிறு எரிஞ்சிது.”

அன்று தோற்றிருந்தால் தான் கை நீட்டியிருப்பானா என்று தனக்கே தெரியவில்லை என்றான் ஓட்டெங். அதை வேட் நம்பவில்லை. ஆனால் அந்தப் பொய்யை அவன் சொன்ன விதம் பிடித்திருந்தது. அவன் தாயிடம் தான் சொன்ன பொய்யைவிட எவ்வளவோ நேர்த்தி. போனை வைத்ததும் பாட்டியம்மாள், நல்ல தக்காளி எல்லாம் அடியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வசந்தத்தில் வேட் அர்க்கன்ஸாவுக்குப் போனான். பர்விஸ் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வேட் முதலில் பர்விஸின் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். அவள் வறுத்த மீனும் சோளரொட்டியும் போட்டாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. பிறகு வேட்டும் பர்விஸும் அந்த ஊர்ப் பள்ளி மைதானத்தில் பந்து எறிந்து பழகினார்கள். நட்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

அடுத்த பருவத்தில் ஒமாஹா இறுதியாட்டம் வரை போகவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், உறையும் குளிரில், யாரும் மதிக்காத பஃபலோ பக்கத்து அணி ஒன்றிடம் தோற்றது. கடைசியில் வேட் எறிந்த பந்தைப் பர்விஸ் கையிலிருந்து நழுவவிட்டான்.

வேட்டுக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஆத்திரம் போன வருடத்தில் இருந்ததில் ஒரு துளி கூடக் குறையவில்லை என்பதைக் கண்டு அவனுக்கே ஆச்சரியம். பக்குவம் வந்துவிட்டால் வயிறு எரியாது என்று நினைத்திருந்தான். எரியத்தான் செய்தது. எரிந்துகொண்டே போய் எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் கையைப் பிடித்து, நன்றாக ஆடினாய் என்றான். ஆரம்பித்தது நிற்கவில்லை. ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்று வரிசையாக எல்லோர் கையையும் குலுக்கிக்கொண்டு போனான். குளிரில் உள்ளே ஓடத் துடித்தவர்களைத் துரத்திப் பிடித்துக் குலுக்கினான். ஒருவன் கையை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டு அருமையான ஆட்டம் என்றபோது, அவன் தயங்கித் தயங்கி, தான் பத்திரிகைப் போட்டோகிராபர் என்றான். ஸ்டான் வந்து வேட்டின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

நிருபர்கள் நழுவிய பந்தைப் பற்றிக் கேட்டார்கள். பர்விஸ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வேட் குரலைத் தாழ்த்தி, அதைத் தான் கொஞ்சம் உயரமாக எறிந்துவிட்டதாகவும் குற்றம் தன்னுடையது என்றும் சொன்னான். சொல்லி முடித்ததும் உள்ளுக்குள் ஒரு சுகமான இளஞ்சூடு பரவியது.

பர்விஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“பந்து ஒசரமா வரல. நேரா நெஞ்சுக்கு வந்துச்சு. நான்தான் விட்டேன்.”

நிருபர்கள் சிரித்தார்கள். வேட் காது வரை சிவந்தான். வெளியே வந்ததும், உனக்காகத்தானே அப்படிச் சொன்னேன் என்றான். எனக்காகச் சொல்லாதீங்க, நடந்ததைச் சொல்லுங்க, அதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் பர்விஸ் முன்னால் போனான். அவன் போன வேகத்தைப் பார்த்து வேட்டும் எட்டி நடந்தான். இருந்தும் குளியலறைக்கு வந்தபோது எல்லோரும் குளித்து முடித்திருந்தார்கள். வெந்நீர் தீர்ந்துவிட்டிருந்தது. வேட் குழாயைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அடியில் போய் நின்றான்.